மனோரிப் படகும் அரை மொட்டையும்

என் புருஷன் இன்னாசிமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் தரையில் கால் நிற்காது. தாராவியில் ஒரு தோல்பெட்டிப் பட்டறையில் வாரம் முழுக்கக் குனிந்து தோல் வெட்டுகிற மனுஷன், அன்றைக்கு முதல் பூசையைக் கேட்டும் கேட்காமலும் முடித்துக்கொண்டு ஏதாவது ஒரு படகுத்துறைக்கு ஓடிவிடுவார். ஒரு வாரம் பாவுச்சா தக்காவில் லாஞ்சு பிடித்து மோரா. அடுத்த வாரம் ரேவஸ். அப்புறம் வெர்சோவாவில் கழி ஊன்றித் தள்ளுகிற படகில் மட் தீவு. அங்கே சொந்தமா, பந்தமா, ஒன்றும் கிடையாது. இறங்குவார், நடப்பார், யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து கருவாட்டைப் பற்றிப் பேசுவார், கடைசிப் படகில் திரும்பி வருவார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், "படகு போவுது, நானும் போறேன்" என்பார். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் இருதயமேரி. உவரிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்துப் பிறந்தவள். பார்த்துப் பிறந்ததோடு சரி, வள்ளத்தில் கால் வைத்ததில்லை. எங்கள் ஊரில் பொம்பளை வள்ளத்தில் ஏறினால் மீன் படாது என்பார்கள். ஏறாத நாளில் மட்டும் என்ன வாரிக் கொட்டிவிட்டது என்று நான் ஒருமுறை கேட்டேன். என் அப்பா செருப்பைத் தேடினார்.

இன்னாசிமுத்து எனக்கு இரண்டாவது புருஷன். இதை நான் ஒளிப்பதில்லை. ஒளித்தாலும் எங்கள் சந்து விடாது. முதல் புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தபோது என் மகள் அமலோற்பவம் கைக்குழந்தை. பிறகு இவர் வந்து கேட்டார், நான் சரி என்றேன். ரொம்ப யோசிக்கவில்லை. பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது, அது போதுமென்று இருந்தது.

அமலுவுக்கு இரண்டு வயதில் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சை இழுத்து இழுத்து உதடு நீலமாகி, கண் மேலே செருகிவிட்டது. அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடிக்கொண்டே, "கடக்கரையில இருக்கிற அந்தோனியாரே, எம்பிள்ளயத் தந்திரும், அவ முடிய உமக்கு எறக்குதேன்" என்று நடுரோட்டில் கத்தினேன். பஸ்ஸில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. முடியும் வளர்ந்தது. நான் மட்டும் உவரி அந்தோனியார் கோயிலுக்குப் போகவில்லை.

போகாததற்குக் காரணம் முதல் புருஷனின் அண்ணன் மிக்கேல்ராஜ். ஈஸ்டருக்குப் பம்பாய் வந்தவன் எங்கள் கோலியில், அந்த ஒற்றை அறையின் ஒற்றைக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொன்னான்.

"பிள்ள எங்க ரத்தம். உவரிக்கு வந்து மொட்டயப் போடு. போட்டுட்டு பிள்ளய எங்ககிட்ட விட்டுட்டு நீ ஒம் மாப்ள கூட வந்துக்கோ. தகப்பன் இல்லாத பிள்ளய கண்டவன்லாம் வளக்க வேண்டாம்."

அந்தக் கண்டவன் அப்போது இவனுக்காகத்தான் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை வாங்கி ஒரு துண்டை மட்டும் கருக விட்டு இவன் தட்டில் வைத்தேன். வேறென்ன செய்ய? ஊரில் அவனுக்கு ஆள் பலம் உண்டு. பங்கு சாமியாரே அவன் பேச்சுக்குத் தலையாட்டுவார். பிள்ளையோடு அங்கே போய் இறங்கினால், பிள்ளையில்லாமல்தான் ரயில் ஏறுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் முடி வளர்ந்துகொண்டே போனது. வேண்டுதல் முடியில் கத்தரி படக்கூடாது. சிக்கும் பேனுமாக, வெயில் காலத்தில் கொப்புளமும் சேர்ந்து, பிள்ளையின் தலை அறுவடைக்குக் காத்திருந்த வயல் போல ஆகிவிட்டது. ஒரு டிசம்பரில் மறுபடி காய்ச்சல் வந்தது. அனலாய்க் கொதித்த தலையில் கை வைத்தபோது அந்தோனியார் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் தணிந்தும் அந்த நினைப்பு தணியவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து உட்கார்ந்தேன்.

"பம்பாயில அந்தோனியாருக்கா பஞ்சம்? பக்கத்துக் கோயில்ல எறக்கிருவோமே" என்றார் இவர்.

"நான் வேண்டுனது கடக்கரை அந்தோனியாரை. அன்னைக்கு அந்த மூச்சோட அப்பிடித்தான் சொன்னேன். ரோட்டோரத்து அந்தோனியார் எனக்கு வேண்டாம்."

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் படகு பிடிக்கப் போனார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் பல்.

"ஏட்டி, கெடச்சிட்டாரு. மலாடுல எறங்கி, பஸ்ஸுல மார்வே போய், அங்ஙன இருந்து படகுல மனோரிக்குப் போவணும். அதத் தாண்டி ஒரு மீன்காரங்க ஊரு. கடலப் பாத்து சின்னதா ஒரு கோயிலு, அப்பிடியே உவரி மாதிரி. கம்பி வழியாப் பாத்தேன். தவிட்டு நிற அங்கி, கையில லீலிப் பூவு, இடுப்புல சேசு பாலன். மொகத்த மட்டும் திருநாள் சோடிப்புத் தாளு மறச்சிட்டுது. வேற யாரா இருக்கும்?"

பழுப்பு அங்கி, லீலிப் பூ, குழந்தை. வேறு யாராக இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக அவர் படகுக்குப் போவதைத் திட்டியதற்கு அன்றைக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன்.

உவரி என்றால் கோயில் வாசலிலேயே கத்தியோடு ஆள் உட்கார்ந்திருக்கும். மனோரியில் யார் இருப்பார்கள்? எங்கள் சந்து முனையில் நாற்காலி போட்டு முடிவெட்டுகிற ஜெயினுலாப்தீனைக் கூட்டிக்கொண்டோம். கடையநல்லூர்க்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். துடிக்கத் துடிக்க வாவல் மீன் வாங்கித் தருகிறோம் என்று சொன்னதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிறிஸ்தவப் புனிதருக்கு முஸ்லிம் கையால் மொட்டை போடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். முடிக்கு மதம் இருந்தால் பேனுக்கும் இருக்கும், அதையும் சேர்த்து விசாரித்துச் சொல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்வேயில் தண்ணீர் வற்றியிருந்தது. படகு கரைக்கு வராமல் தூரத்தில் நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். சேறு கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தது. இவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். ஜெயினுலாப்தீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "இன்னாசி, வாவல் மீனு தாதர் மார்க்கெட்டுலயும் விக்கிதானே" என்றார்.

படகில் எனக்கு முன்னாலேயே ஏழெட்டுப் பொம்பளைகள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காலை நீட்டிக்கொண்டு, படகுக்காரனையே அதட்டிக்கொண்டு, வெற்றிலையைத் தண்ணீரில் துப்பிக்கொண்டு. மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். கூடையின் வாடையைப் பார்த்தால் அந்தக் கடலில் மீன் ஒன்றும் கோபித்துக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. என் அப்பா இருந்திருந்தால் இந்தப் படகைக் காட்டியிருப்பேன்.

படகுக்காரன் இவரைக் கண்டதும் துடுப்பை விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தான். கூடைக்காரிகளில் ஒருத்தி இவர் கையில் ஒரு பிடி காய்ந்த இறாலைத் திணித்தாள். அவளுடைய செருப்பு வாரை இவர் தைத்துக் கொடுத்தாராம். எங்கள் சந்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்கே இவர் பேர் சரியாகத் தெரியாது. தண்ணீரைத் தாண்டினால் இவர் பெரிய மனுஷன். இதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் எரிச்சல்.

மனோரியில் இறங்கித் தென்னந்தோப்பு வழியாக நடந்தோம். அவர் சொன்ன மாதிரியே கடலைப் பார்த்து ஒரு சின்னக் கோயில். கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கிறவள் மீன் காயப்போடப் போயிருக்கிறாள், வருவாள் என்று யாரோ சொன்னார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று ஜெயினுலாப்தீன் படியில் துண்டை விரித்தார். விரித்துவிட்டுச் சும்மா இருந்தாரா? நிமிர்ந்து கேட்டார்.

"தாய்மாமன் எங்க?"

"எந்தம்பி தூத்துக்குடி உப்பளத்துல கெடக்கான். அவன எங்ஙன கூட்டிட்டு வார?"

"மாமன் மடியில வச்சுல்லா மொத முடி எறக்கணும். நீங்களும் அப்பிடித்தான, நாங்களும் அப்பிடித்தான்."

இன்னாசிமுத்து, "நான் உக்காருதேன்" என்று முன்னால் வந்தார்.

"நீ சும்மா கெட. மாமன் மடின்னு சொல்லுதேன், இவன் உக்காருதானாம்."

"நீங்க என்னத் தங்கச்சின்னுதான கூப்பிடுதீங்க? அப்ப நீங்கதான் மாமன்" என்றேன்.

"மடியக் குடுத்துட்டு கத்தியையும் பிடிக்க எனக்கென்ன நாலு கையா?"

கடைசியில் நானே உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். நேர்ச்சைக்குக் கொண்டுவந்த உப்பு மிளகுப் பொட்டலத்தைப் படியில் வைத்தேன். ஜெயினுலாப்தீன் தண்ணீர் தொட்டுத் தலையை நனைத்து, பிஸ்மில்லா என்று சொல்லிக் கத்தியை வைத்தார். நான் மனதுக்குள், அந்தோனியாரே, லேட் ஆனதுக்கு மன்னியும் என்றேன். அமலு ஊரே கேட்கக் கத்தினாள். வலது பக்கத்து முடி சிக்குச் சிக்காக என் மடியில் விழுந்தது. ஒவ்வொரு கற்றைக்கும் எனக்கு மூச்சு லேசாகிக்கொண்டு வந்தது.

வலது பக்கம் முடிந்து உச்சிக்கு வந்தபோது சாவிக்காரி வந்து சேர்ந்தாள். கட்டம் போட்ட சிவப்புச் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டிய, திடமான பொம்பளை. இடுப்பில் கைக்குட்டை, அதில் சாவி. கோயில் வாசலில் முடி கிடப்பதைப் பார்த்துவிட்டு அவள் மராத்தியில் என்னவோ சத்தம் போட்டாள். இவர் தனக்குத் தெரிந்த இந்தியில் கைகூப்பி விளக்கினார். புனிதருக்கு முடி கொடுப்பதா, புனிதர் அதை வைத்து என்ன செய்வார் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. உப்பையும் மிளகையும் பார்த்தபோது மட்டும் மீன் குழம்புக்கென்று நினைத்துச் சமாதானமாகிக் கதவைத் திறந்தாள்.

சோடிப்பையெல்லாம் கழற்றியிருந்தார்கள். வெளிச்சம் நேராகப் பீடத்தில் விழுந்தது. பழுப்பு அங்கி இருந்தது. லீலிப் பூ இருந்தது. குழந்தை இருந்தது. கூடவே, மார்பு வரைக்கும் அருமையான தாடி ஒன்றும் இருந்தது.

அந்தோனியாருக்கு ஏது தாடி? உவரியில் அவர் உச்சந்தலையைச் சிரைத்து, வழுவழுத்த முகத்தோடு நிற்கிறவர். இது சூசையப்பர், மாதாவின் புருஷன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். அந்தோனியார் பிடிக்கச் சூசையப்பர் ஆனது எங்களுக்குத்தான். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தருக்கு நேர்ந்த முடியை இன்னொருத்தர் வாசலில் இறக்கிவிட்டேன். கடைத் தேங்காயை வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. இனி அந்தோனியார் என்ன செய்வார்? டிசம்பரில் கொதித்த அந்தத் தலை பாதி மொட்டையாக என் மடியில் இருந்தது.

"இதுதான் ஒங்க அந்தோனியாரா?" என்றேன். "பாவுச்சா தக்கா தெரியும், ரேவஸ் தெரியும், எந்தப் படகு எப்பப் புறப்படும்னு தெரியும். தாடி வச்சவரு யாரு, வைக்காதவரு யாருன்னு தெரியாதா? ஒங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்த சாமியாரச் சொல்லணும்."

அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயினுலாப்தீன்தான் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பிள்ளய வச்சிக்கிட்டு நின்னா மனுசன் என்ன செய்வான் தங்கச்சி? பாதியில நிறுத்தாத. வெயிலு ஏறுது" என்றார்.

"நிறுத்துங்க அண்ணே. கத்தியத் தொடாதீங்க."

அமலு அழுகையை நிறுத்திவிட்டு மொட்டைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். சாவிக்காரி ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். இன்னாசிமுத்து மெதுவாக வந்து எனக்கு எதிரே மணலில் குந்தினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

"தப்பு எம்மேல" என்றார். "நாளைக்கே டிக்கெட் எடுக்கேன். பட்டறையில லீவு தரலேன்னா வேலைய விட்டுருதேன். நீ பிள்ளயக் கூட்டிட்டு உவரிக்குப் போ. மீதி முடிய அங்க எறக்கு."

"மிக்கேல்ராஜ் பிள்ளயத் திருப்பித் தருவானா?"

"தரமாட்டான்."

"தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன். அவன்கிட்ட இருந்தாலும் பரவால்ல. எங்கயாவது உசுரோட இருக்கட்டும். அன்னைக்கு மாதிரி அது எந்தோள்ல கெடந்து மூச்சுக்கு இழுக்கத மறுபடியும் என்னால தாங்க முடியாது."

சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பிள்ளை உசுரோடு இருந்தால் போதும், தன்னிடம் இல்லாவிட்டாலும் போதும் என்று சொல்ல அந்த மிக்கேல்ராஜுக்கு வாய் வருமா? ரத்தம், ரத்தம் என்று குதித்தவன், பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு எட்டு வந்து பார்த்தானா? எனக்கும் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்கு ஒன்று வந்தால் மற்றது தனியாக வராது.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனேன். பீடத்துக்கு முன்னால் நின்றேன். முழங்கால் போடவில்லை. அப்போதெல்லாம், அதுவரை பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார்களே புதுசாக ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்று பூசை வைக்கத் தொடங்கியிருந்த காலம். நான் புனிதரோடு நேருக்கு நேர் பேசினால் குற்றமில்லை என்று தோன்றியது.

"சூசையப்பரே, ஒம்மகிட்ட நான் எதுவும் கேக்கல. அந்தோனியார்கிட்டதான் கேட்டேன். அவரு நல்லவருதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவரு கையில இருக்கிற பிள்ள காட்சியில வந்த பிள்ள. கொஞ்ச நேரம் ஏந்துனாரு, அதுக்கு ஒலகம் பூரா கோயிலு. அவருக்குப் பீத்துணி அலசத் தெரியுமா? காய்ச்சல் கண்ட பிள்ளய வச்சிக்கிட்டு முழிச்சிருக்கத் தெரியுமா? நீரு தெரிஞ்சவரு. தாம் பெறாத பிள்ளயத் தூக்கிக்கிட்டு எகிப்துக்கு ஓடுனவரு. ஒமக்கு வெளக்கிச் சொல்ல வேண்டாம்."

சாவிக்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் தலையை ஆட்டினாள்.

"வலது பக்கம் அந்தோனியார நெனச்சு எறக்குனது, அது அவருக்கு. எடது பக்கம் ஒமக்கு. நீங்க ரெண்டு பேரும் மோட்சத்துல உக்காந்து பேசித் தீத்துக்கிடுங்க. கோவம் இருந்தா எங்கிட்ட வாங்க, பிள்ளகிட்ட வரக்கூடாது. உவரிக்கு நான் போவல. பிள்ளய யார்கிட்டயும் குடுக்கவும் மாட்டேன்."

சொல்லி முடித்தபோது பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதைச் சுமந்துகொண்டு நடக்க முடிந்தது. வெளியே வந்தேன். இன்னாசிமுத்து இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டுதான் குந்தியிருந்தார். படகு ஒன்று தண்ணீர் ஏறுவதற்காகக் காத்துக் கிடந்தது. இந்த முறை அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"இந்தாருங்க, எந்திரிங்க. இந்தப் படியில வந்து உக்காருங்க. பிள்ளய மடியில வச்சுப் பிடிங்க, மீதியையும் எறக்கிருவோம்."

அவர் என்னைப் பார்த்தார், ஜெயினுலாப்தீனைப் பார்த்தார். ஜெயினுலாப்தீன் தாடையைச் சொறிந்தார். வழக்கம் என்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது.

"தகப்பன் மடியில வச்சு எறக்குத வழக்கம் இல்லியே தங்கச்சி."

தகப்பன் என்ற சொல் என் காதில் விழுந்தது. இன்னாசிமுத்து காதிலும் விழுந்தது. பெரிதாக ஒன்றும் சொல்லிவிட்டதாக ஜெயினுலாப்தீனுக்குத் தெரியவில்லை; அவர்பாட்டுக்குத் தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வழக்கம் கெடக்கட்டும் அண்ணே" என்றேன். "தகப்பன் உக்காந்தாச்சு. நீங்க வேலையப் பாருங்க."

இன்னாசிமுத்து படியில் உட்கார்ந்தார். பிள்ளையை நானே தூக்கி அவர் மடியில் வைத்தேன்.